யாலூனியின் வெள்ளை மஹாக்கள்

மஸ்கட்டிலிருந்து ஸலாலாவுக்குத் தரைவழியே பயணம் செய்தவர்கள் நம் குடும்பங்களில் பலர் இருப்பர். பிழைப்பை நாடி ஓமான் சென்ற நம் சகோதரர்களுக்கு அந்த நெடுஞ்சாலை பழக்கமான ஒன்று. ஏறக்குறைய ஆயிரம் கிலோ மீட்டர் நீளும் அப்பாதையின் நடுவே ஹைமா என்னும் சிற்றூர் வருகிறது. வண்டிக்குப் பெட்ரோல் நிரப்பி, ளுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழுது, ஒரு குவளைத் தேநீர் அருந்திவிட்டு மீண்டும் புறப்படுவார்கள். சாலையின் இருமருங்கிலும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை கல்லும் சரளையும் நிறைந்த வெற்றுவெளி. "இங்கே என்னதான் இருக்கிறது?" என்று எவருக்கும் தோன்றும்.

ஹைமாவுக்குக் கிழக்கே விரியும் அந்த வெளிக்கு ஜித்தத்துல் ஹராஸீஸ் என்று பெயர். அங்கே யாலூனி என்ற இடத்தில் ஒரு கள அலுவலகம் 1980ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. நான்கைந்து கட்டடங்களும், கம்பிவேலி அடைப்புகளும், மணலில் ஓடக்கூடிய வண்டிகளும், அந்த மண்ணிலேயே பிறந்த காவலர்களுமே அதன் முதலீடு. உலகிலிருந்தே வேட்டையாடித் துடைக்கப்பட்ட ஒரு விலங்கினத்தை மீண்டும் அதன் தாய்மண்ணில் நடமாட விட்ட பெருமை அந்த அலுவலகத்துக்கு உண்டு. வளர்த்ததைத் தன் கண்ணெதிரிலேயே பறிகொடுத்த துயரமும் அதற்கு உண்டு. இரண்டையும் சேர்த்து அறிவதே பயன் தரும்.

அரபுக் கவிஞர்களின் மஹா

அந்த விலங்கை அரபியர் 'மஹா' என்பர். ஓமானில் 'அல் மஹா' என்ற பெயர் தாங்கிய பெட்ரோல் நிலையங்களைப் பார்த்தவர்களுக்கு இச்சொல் புதிதன்று. ஆங்கிலத்தில் அரேபிய ஓரிக்ஸ் என்று வழங்கும் இது, மானைப் போலத் தோன்றினாலும் மான் அன்று. இரலை இனத்தைச் சேர்ந்தது. தோள்வரை ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரம். எடை சுமார் 70 கிலோ. உடல் முழுதும் பால் வெண்மை; கால்களும் முகத்தின் சில பகுதிகளும் கருமை கலந்த பழுப்பு. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஈட்டி போன்ற நீண்ட இரு கொம்புகள். பக்கவாட்டில் நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றாகவே தெரியும். ஒற்றைக் கொம்புக் குதிரை பற்றிய பழங்கதைகளுக்கு இதுவே மூலமாய் இருக்கலாம் என்று கருதுவோர் உண்டு.

அரபுக் கவிதையில் மஹாவுக்குத் தனியிடம் உண்டு. அழகிய கண்களை உவமிக்க வேண்டுமானால் அக்கவிஞர்கள் மஹாவின் கண்களைத்தான் தேடுவார்கள். அறியாமைக் காலத்தில் கவி பாடிப் புகழ்பெற்றுப் பின்னர் இஸ்லாத்தைத் தழுவிய லபீத் (ரலி) அவர்களின் முஅல்லகாவில், கன்றைப் பறிகொடுத்துத் தவித்தலையும் ஒரு காட்டுப்பசு வருகிறது. அது இந்த மஹாவே என்பர் உரையாசிரியர். அரபு இலக்கியம் பயிலும் நம் மதரஸா மாணவர்கள் இச்சொல்லை ஏட்டில் சந்திக்கிறார்கள்; அந்த உயிரை நேரில் கண்டவர் அவர்களில் மிகச் சிலரே.

மஹா பாலைவனத்திற்கென்றே படைக்கப்பட்டது என்று சொல்லும்படியான இயல்புகள் வாய்ந்தது. அதன் வெண்மை கோடை வெயிலைத் திருப்பி அனுப்புகிறது. அகன்ற குளம்புகள் மணலில் புதைவதில்லை. பல மாதங்கள் ஒரு சொட்டு நீரும் பருகாமல் அது வாழ முடியும். தின்னும் செடிகளில் உள்ள ஈரமே அதற்குப் போதும். அரபிக் கடலிலிருந்து எழும் மூடுபனி ஜித்தத்தின் மீது படரும் இரவுகளில் செடிகொடிகள் நனைந்து நிற்கும். அந்த நேரம் பார்த்து மஹா மேய்கிறது. பகலில் வேல மரத்தின் அடியிலோ, அரபியர் காஃப் என்றும் நாம் வன்னி என்றும் அழைக்கும் மரத்தின் அடியிலோ குளம்பால் குழி பறித்து, அந்தக் குளிர்ச்சியில் படுத்துக்கொள்கிறது. எங்கேனும் மழை பெய்து பசுமை துளிர்த்தால், நெடுந்தொலைவு நடந்து அவ்விடம் சேர்கிறது.

துப்பாக்கியும் மோட்டார் வண்டியும்

ஒரு காலத்தில் அரேபியத் தீபகற்பம் முழுவதிலும், வடக்கே சிரியா, இராக் எல்லைகள் வரையிலும் மஹா மேய்ந்து திரிந்தது. ஒட்டகத்தின் மீதேறி, வாயால் மருந்து கெட்டிக்கும் பழைய துப்பாக்கியுடன் அதை வேட்டையாடுவது எளிதாக இருக்கவில்லை. நாட்கணக்கில் தடம் தேடி அலைந்தவனுக்கு ஒன்று கிடைத்தால் அதுவே பெரிது. ஒரு குடும்பத்தின் பசிக்காக நிகழ்ந்த அந்த வேட்டையால் இனம் அழியவில்லை.

எண்ணெய்ச் செல்வத்தோடு மோட்டார் வண்டியும் தானியங்கித் துப்பாக்கியும் வந்து சேர்ந்தன. பல வண்டிகள் வரிசையாகப் புறப்பட்டுச் சமவெளியைச் சல்லடையிட்டன. மணிக்கு நூறு கிலோ மீட்டர் வேகத்தில் துரத்தும் இயந்திரத்தை எதிர்த்து ஓடும் ஆற்றல் எந்தக் காலுக்கு உண்டு? வடக்கே நஃபூத் பாலைவனத்தில் எஞ்சியிருந்த கூட்டம் 1950ஐ ஒட்டி மறைந்தது. தெற்கே ரப்உல் காலியின் விளிம்புகளில் மட்டும் சில மிஞ்சின. அவற்றிலும் கடைசியாக இருந்த சிறு கூட்டத்தை, 1972 அக்டோபரில், வெளியிலிருந்து வண்டிகளில் வந்த வேட்டைக் குழு ஒன்று இதே ஜித்தத்துல் ஹராஸீஸில் முடித்தது. அத்துடன் இயற்கையில் மஹா என்று ஒன்று இல்லாமற் போயிற்று.

இந்த முடிவை முன்கூட்டியே உணர்ந்த சிலர் இருந்தனர். லண்டனைச் சேர்ந்த விலங்கினப் பாதுகாப்புச் சங்கம் ஒன்று 1962இல் மேஜர் அயன் கிரிம்வுட் தலைமையில் ஒரு குழுவை அனுப்பியது. ஏடன் பகுதியின் கிழக்கே பாலைவனத்தில் தேடி அலைந்த அக்குழுவுக்கு நான்கு மஹாக்களே அகப்பட்டன. அவற்றிலும் ஒன்று இறந்தது. எஞ்சிய மூன்றுடன், லண்டன் மிருகக்காட்சிசாலை, குவைத், சவூதி அரேபியா ஆகியவை வழங்கியவற்றையும் சேர்த்து மொத்தம் ஒன்பது. அந்த ஒன்பதும் அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தின் பீனிக்ஸ் நகர மிருகக்காட்சிசாலையில் ஒரு மந்தையாக்கப்பட்டன. அரேபியாவை ஒத்த வறண்ட வெயில் அங்கே உண்டு என்பதே அவ்வூரைத் தேர்ந்ததற்குக் காரணம். 'உலக மந்தை' என்று அதற்குப் பெயரிட்டார்கள். மந்தை பெருகியது, சான்டியாகோ முதலிய வேறு நகரங்களுக்கும் பிரித்தனுப்பப்பட்டது.

தாய்மண் திரும்பிய நாள்

1970இல் ஓமானின் ஆட்சிப் பொறுப்பேற்ற மறைந்த சுல்தான் காபூஸ் பின் ஸயீத் அவர்கள், மஹா தம் நாட்டு மண்ணில் மீண்டும் நடமாட வேண்டும் என்று விரும்பினார்கள். அரசவையில் சுற்றுச்சூழல் பாதுகாப்புக்கென ஆலோசகர் ஒருவர் நியமிக்கப்பட்டார். வல்லுநர்கள் இடம் பார்த்தனர். கடைசி மஹா வீழ்ந்த ஜித்தத்துல் ஹராஸீஸே தேர்ந்தெடுக்கப்பட்டது. அதன் நடுவே யாலூனியில் முகாம் எழுந்தது. 1980இல் அமெரிக்காவிலிருந்து முதல் மஹாக்கள் விமானத்தில் வந்திறங்கின.

அவை மிருகக்காட்சிசாலையில் பிறந்தவை; வெவ்வேறு இடங்களிலிருந்து சேர்க்கப்பட்டவை; ஒன்றையொன்று அறியாதவை. வந்த கையோடு வெளியே விட்டால் ஆளுக்கொரு திசையாய்ச் சிதறி மடிந்துபோகும். எனவே முதலில் சிறு கொட்டில்களிலும், பிறகு ஒரு சதுர கிலோ மீட்டர் பரப்புள்ள பெரிய அடைப்பிலும் வைத்துப் பழக்கினார்கள். அவற்றுள் யார் மூத்தது, யார் யாருக்கு வழிவிடுவது என்பதெல்லாம் தீர்ந்து ஒரு குடும்பமாக இணையும்வரை பொறுத்திருந்தார்கள். இரண்டாண்டுகள் கழிந்தன. 1982 ஜனவரி 31 அன்று அடைப்பின் கதவு திறக்கப்பட்டது. பத்து மஹாக்கள் வேலியில்லாத வெளியில் கால் வைத்தன. அழிந்து பத்தாண்டு நிறைவதற்குள் அவை வீடு திரும்பிவிட்டன. 1984இல் இரண்டாவது மந்தையும் விடுவிக்கப்பட்டது.

ஹராஸீஸ் மக்களின் காவல்

ஜித்தத்துக்கு அப்பெயரைத் தந்தவர்கள் ஹராஸீஸ் குலத்தார். ஆடும் ஒட்டகமும் மேய்க்கும் சில ஆயிரம் பேர் கொண்ட சிறிய குலம் அது. அரபியினின்றும் வேறான ஹர்ஸூஸி என்ற தனித் தொன்மொழி அவர்களுடையது. கிணறோ ஊற்றோ இல்லாத அந்த வெளியில், கால்நடைகளின் பாலையே உணவாகவும் நீராகவும் கொண்டு தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்தவர்கள். 1972இல் வெளியாட்கள் வந்து கடைசி மஹாவை அழித்தபோது, தங்கள் வீட்டுப் பொருள் களவு போனதாகவே அவர்கள் உணர்ந்தார்கள்.

யாலூனி அலுவலகத்தின் காவலர்களாக அமர்த்தப்பட்டவர்கள் இம்மக்களே. இத்திட்டத்தைத் தொடக்க ஆண்டுகளில் நடத்திய மார்க் ஸ்டான்லி பிரைஸ் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் அறிவியல் முறைகளை அறிந்திருந்தார். தரையைப் படிக்கும் கலையோ ஹராஸீஸ் மக்களிடம் இருந்தது. சரளைக்கல்லில் பதிந்த குளம்புத் தடத்தைக் கண்டு, அது எப்போது போயிற்று, எத்தனை போயின, கன்று உடன் சென்றதா என்று அவர்களால் சொல்ல முடியும். அத்தகைய கண் எந்தக் கல்லூரியிலும் வாய்ப்பதன்று.

அந்த அலுவலகத்தின் அன்றாடப் பணியைக் கேட்டால் சாதாரணமாகத்தான் தோன்றும். காவலர்கள் வண்டியில் புறப்பட்டுத் தடம் பற்றி மந்தையைத் தேடுவார்கள். தொலைநோக்கியால் ஒவ்வொரு விலங்கையும் பார்ப்பார்கள். கொம்பின் வளைவு, காதில் இட்ட அடையாளம், முகத்தின் கருமைக்கோடு ஆகியவற்றால் முதல் ஆண்டுகளில் மந்தையின் ஒவ்வொரு மஹாவையும் தனித்தனியே இனங்கண்டார்கள். எந்தப் பெண் சினையுற்றது, எந்நாளில் கன்று ஈன்றது, தந்தை யார், எது எங்கே இறந்தது, எந்தச் செடியை மேய்கின்றன, மழை எங்கே பெய்தது என எல்லாம் பதிவேட்டில் ஏறும். மறுநாளும் அதே வேலை. அடுத்த ஆண்டும் அதே வேலை.

இந்த எண்ணிக்கையும் எழுத்தும் ஏன் என்று கேட்கலாம். ஒரு மஹா சுமார் எட்டரை மாதம் சுமந்து ஒரே ஒரு கன்றை ஈனும். மந்தை முழுவதும் விரல்விட்டு எண்ணத்தக்க முன்னோர்களின் வழிவந்தது. நெருங்கிய இரத்த உறவுக்குள்ளேயே இனம் பெருகினால் கன்றுகள் நலிந்து போகும். ஆகவே ஒவ்வொன்றின் வம்சத்தையும் அறிந்து, வேண்டியபோது வேறு வழிவந்த புதியவற்றைக் கொணர்ந்து சேர்க்க வேண்டியிருந்தது. ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர் வரிசையைக் காத்த நம் முன்னோர்கள் எந்தப் பொறுமையோடு எழுதினார்களோ, அந்தப் பொறுமை இதற்கும் தேவைப்பட்டது என்று சொன்னால் மிகையாகாது.

மஹாவுக்கென அமைந்த காவல் மற்ற உயிர்களுக்கும் நிழலாயிற்று. அரேபிய நவ்வி மான், நூபிய வரையாடு, அரேபிய ஓநாய், ஹுபாரா என்னும் பாலைவனப் பறவை ஆகியவையும் அங்கே காக்கப்பட்டன. 1990இல் மஹாக்கள் நூறைத் தாண்டின. 1994இல் சரணாலயம் முறைப்படி அறிவிக்கப்பட்டது; 27,500 சதுர கிலோ மீட்டர் பரப்புள்ள அதனை அதே ஆண்டில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தலங்களின் பட்டியலில் சேர்த்தது. 1996 அக்டோபரில் வெளியில் திரிந்த மஹாக்கள் 400ஐக் கடந்துவிட்டன. பத்தில் தொடங்கியது, பதினான்கே ஆண்டுகளில்!

விலை வைக்கப்பட்ட உயிர்

அதே 1996ஆம் ஆண்டின் பிப்ரவரியில் கள்ள வேட்டை மீண்டும் தலைதூக்கியிருந்தது. இம்முறை வந்தவர்கள் இறைச்சிக்காகவோ கொம்புக்காகவோ வரவில்லை. உயிருடன் பிடிக்கவே வந்தார்கள். எல்லைக்கு அப்பால், தம் தோட்டங்களில் அரிய விலங்குகளை அடைத்து வைத்துப் பெருமை கொள்ளும் செல்வந்தர்கள் இருந்தார்கள். அவர்கள் கொடுக்கக் காத்திருந்த பணமே வேட்டைக்காரர்களை இருட்டில் இழுத்து வந்தது.

தோட்டத்தில் வைத்து இனம் பெருக்குவதற்குப் பெண் விலங்கும் கன்றும்தான் வேண்டும். எனவே அவற்றையே குறிவைத்துத் துரத்தினார்கள். வண்டியால் விரட்டப்பட்டுக் களைத்து, கை கால் கட்டப்பட்டு ஏற்றப்பட்டவற்றுள் பல, போய்ச் சேரும் முன்பே மூச்சை விட்டன. கணக்கெடுப்பு எண்கள் இதை ஈவிரக்கமின்றிச் சொல்கின்றன. 1998 செப்டம்பரில் வெளியில் எஞ்சியவை சுமார் 138. அவற்றுள் பெண் 28 மட்டுமே. 1999 ஜனவரியில் மீண்டும் எண்ணியபோது ஆண்கள் 85, பெண்களோ 11. தாய்களை இழந்த மந்தையில் எத்தனை ஆண்கள் நின்றாலும் அந்த இனம் இனமாக நிற்பதில்லை.

யாலூனி ஊழியர்கள் அப்போது எடுத்த முடிவு எவ்வளவு கசப்பாக இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். வெளியில் விட்டு வளர்த்தவற்றுள் சிலவற்றையேனும் காப்பாற்ற வேண்டி, தங்கள் கையாலேயே அவற்றைப் பிடித்து மீண்டும் வேலிக்குள் அடைத்தார்கள். 1982இல் எந்தக் கதவைத் திறந்தார்களோ, அதையே மூட நேர்ந்தது.

கள்ள வேட்டையோடு மற்றொரு நெருக்கடியும் வந்தது. சரணாலயத்தின் நிலத்தடியில் எண்ணெய் வளம் தேடும் பொருட்டு, அதன் பரப்பைத் தொண்ணூறு விழுக்காடு குறைக்க அரசு முடிவெடுத்தது. 2007இல் மஹாக்களின் எண்ணிக்கை 65 என்றும், இனம் பெருக்கும் இணைகள் நான்கு அளவிலேயே உள்ளன என்றும் யுனெஸ்கோ கணித்தது. அவ்வாண்டு ஜூன் மாதம் உலகப் பாரம்பரியப் பட்டியலிலிருந்து அந்தச் சரணாலயம் நீக்கப்பட்டது. அப்பட்டியலின் வரலாற்றில் ஓரிடம் நீக்கப்பட்டது அதுவே முதல் முறை.

எங்கே தளர்ந்தது கயிறு?

இருபத்தைந்தாயிரம் சதுர கிலோ மீட்டருக்கும் மேற்பட்ட திறந்த வெளியைச் சில பத்துக் காவலர்கள் இரவும் பகலும் காப்பது எளிதன்று என்பது முதற்காரணம். எனினும் அதுவே முழுக்காரணம் ஆகாது. ஹராஸீஸ் மக்களிடையே நெடுங்காலம் பழகி ஆய்வு செய்த டான் சாட்டி என்ற மானுடவியல் அறிஞர் வேறொரு குறையைச் சுட்டிக்காட்டினார். அம்மக்களுக்கு அலுவலகத்தில் வேலை கொடுக்கப்பட்டது; ஆனால் திட்டத்தை வகுக்கும்போது அவர்களுடைய கருத்துக் கேட்கப்படவில்லை. தங்கள் மேய்ச்சல் நிலத்தைப் பற்றி வேறெங்கோ முடிவெடுக்கப்பட்டது என்ற மனக்குறை அவர்களுக்கு இருந்தது. அண்டையிலிருந்த பிற குலத்தாருக்கோ இத்திட்டத்தால் ஒரு பயனும் இல்லை. சம்பளம் பெறுபவன் காவல் காப்பான். பங்காளியோ தூக்கத்திலும் கண் விழிப்பான்.

இஸ்லாமிய வரலாற்றில் 'ஹிமா' என்ற ஏற்பாடு உண்டு. குறிப்பிட்ட மேய்ச்சல் நிலத்தைப் பொதுநலன் கருதி ஒதுக்கிக் காப்பதே ஹிமா. மதீனாவுக்கு அருகே நகீஉ என்னும் இடத்தை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஹிமாவாக்கினார்கள். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ரபதாவை ஹிமாவாக்கியபோது, சிறு மந்தை உடைய ஏழைகளை உள்ளே விடும்படி அதன் காவலருக்கு ஆணையிட்டார்கள் என்று வரலாறு கூறுகிறது. நிலத்தைக் காப்பதும், அந்நிலத்தை நம்பி வாழும் எளியவரைக் காப்பதும் அங்கே ஒன்றாகவே கருதப்பட்டன. அரேபியாவின் பல பகுதிகளில் இந்த ஹிமாக்கள் அண்மைக்காலம் வரை கிராம மக்களாலேயே நிர்வகிக்கப்பட்டு வந்தன. இன்றைய பாதுகாப்பு வல்லுநர்கள் அந்தப் பழைய முறையை மீண்டும் எடுத்துப் படிக்கிறார்கள்.

வேலியிட்டுக் காத்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்பதும் இல்லை. சவூதி அரேபியா மஹாஸதுஸ் ஸைத் என்ற இடத்தில் இரண்டாயிரம் சதுர கிலோ மீட்டருக்கும் மேற்பட்ட நிலத்தை வேலியிட்டு, 1990இல் மஹாக்களை விட்டது. அங்கே கள்ள வேட்டைக்கு இடமில்லை, மந்தை பெருகியது. ஆனால் கடும் வறட்சி வந்தபோது, மழை பெய்த இடம் தேடிச் செல்ல வழியின்றி நூற்றுக்கணக்கில் மடிந்தன. மழையைத் தேடி நடப்பதே எதன் வாழ்க்கையோ, அதற்கு வேலி ஒரு கையால் உயிர் தந்து மறு கையால் அதைப் பறிக்கிறது.

அணையாத விளக்கு

யாலூனி மூடப்படவில்லை. பட்டியலிலிருந்து பெயர் போன பின்னரும் அங்குள்ளோர் பதிவேட்டை மூடி வைக்கவில்லை. அடைப்பில் சேர்த்த மஹாக்கள் பல நூறாகப் பெருகின. இன்று அல் உஸ்தா வனவிலங்குக் காப்பகம் என்ற பெயரில் வேலியிட்ட பெரும் பரப்பில் அவை காக்கப்படுகின்றன. ஓமானில் கற்ற பாடங்களைக் கொண்டு சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், ஜோர்தான் ஆகிய நாடுகளும் மஹாவை மீண்டும் பாலைக்கு அனுப்பின.

2011ஆம் ஆண்டு உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் ஒரு நற்செய்தியை வெளியிட்டது. வெளியில் வாழும் மஹாக்கள் ஏறத்தாழ ஆயிரத்தை எட்டியதால், அழிவின் விளிம்பில் உள்ளவை என்ற நிலையிலிருந்து அவை ஒருபடி உயர்த்தப்பட்டன. இயற்கையில் முற்றிலும் அழிந்த ஓர் இனம் இந்த நிலைக்கு உயர்ந்தது அதுவே முதல் தடவை. ஒன்பது விலங்குகளில் தொடங்கிய முயற்சி வீண் போகவில்லை. ஆயினும் ஆயிரம் என்பது பெரிய எண் அன்று. இரண்டாண்டு அலட்சியம் நானூறை என்ன செய்தது என்பதை ஜித்தத்துல் ஹராஸீஸ் கண்டிருக்கிறது.

வாங்கும் கை

யாலூனியின் வரலாற்றில் என் நெஞ்சை உறுத்துவது வேட்டைக்காரனைக் காட்டிலும், எங்கோ தொலைவில் குளிர்ந்த மாளிகையில் அமர்ந்திருந்த வாங்குபவனே. அவன் துப்பாக்கி ஏந்தவில்லை. இரவில் வண்டி ஓட்டவில்லை. எந்தக் கன்றின் காலையும் கட்டவில்லை. ஒருவேளை அவன் தன்னை விலங்குகள் மீது அன்புடையவன் என்றே எண்ணியிருப்பான். தோட்டத்தில் மஹாவுக்கு நல்ல தீனியும் நிழலும் கொடுத்திருப்பான். ஆனால் அவன் நீட்டிய பணம்தான் பாலைவனத்தில் தாயையும் கன்றையும் பிரித்தது.

ஒரு பயணத்தில் நபித்தோழர்கள் ஒரு சிறு பறவையின் இரு குஞ்சுகளை எடுத்துக்கொண்டார்கள். தாய்ப்பறவை வந்து சிறகடித்துத் தவித்தது. அதைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அதன் குஞ்சுகளை அதனிடமே திருப்பி விடும்படி கட்டளையிட்டார்கள். அபூதாவூத் நூலில் இடம்பெறும் இந்த நிகழ்ச்சியை நாம் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். சொல்லிக் கொடுக்கும் வீட்டின் முற்றத்திலேயே கூண்டில் ஒரு பச்சைக்கிளி தொங்குமானால், பிள்ளை எதைக் கற்றுக்கொள்ளும்?

அந்தக் கிளி கூண்டில் பிறந்ததன்று. மரப்பொந்திலிருந்து, இறகு முளைக்காத பருவத்தில் எடுத்து வரப்பட்டது. கூடையில் அடைத்துக் கொண்டுவரும் வழியில் இறந்தவற்றை நாம் பார்ப்பதில்லை. விற்பனைக்கு வந்ததை மட்டுமே பார்க்கிறோம். நம் நாட்டுக் கிளிகளைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வீட்டில் வைத்தால் செல்வம் பெருகும் என்ற மூடநம்பிக்கையால் வாங்கப்படும் நட்சத்திர ஆமையும் அதே சட்டத்தால் காக்கப்படுவதே. அதைப் பெட்டிகளில் அடுக்கி அயல்நாடுகளுக்குக் கடத்த முயன்றவர்கள் நம் விமான நிலையங்களில் பலமுறை பிடிபட்டிருக்கிறார்கள். வாங்க ஆள் இருப்பதால்தான் பிடிக்க ஆள் புறப்படுகிறான்.

ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் சென்று வந்தவர்கள் அறிவார்கள்: இஹ்ராம் அணிந்தவர் தரைவாழ் உயிர்களை வேட்டையாடலாகாது, வேட்டையாடுபவருக்கு அவற்றைச் சுட்டிக் காட்டுவதும் ஆகாது. கையால் செய்யாவிட்டாலும், துணை நிற்பதும் அச்செயலில் பங்கே என்ற நுட்பமான பாடம் அதில் இருக்கிறது. விலை கொடுத்து வாங்குவது சுட்டிக் காட்டுவதைக் காட்டிலும் பெரிய துணை அல்லவா?

பாலைவன வெயிலில் வண்டி ஓட்டித் தடம் தேடும் ஹராஸீஸ் காவலரின் வேலையை நம்மால் செய்ய இயலாது. அவர் எண்ணி எழுதும் பதிவேட்டில் ஓர் எண் குறையாதிருக்க நம்மால் ஆவது ஒன்றுண்டு. பிள்ளை கிளி கேட்டு அழும்போது வாங்கித் தராமல் இருக்கலாம். முற்றத்தில் ஒரு மண்சட்டியில் தண்ணீரும், முறத்தில் மிஞ்சிய ஒரு பிடி நொய்யரிசியும் வைத்தால், கிளியும் சிட்டும் தாமே வந்து போகும். அவை வரும்போது பிள்ளையை அருகில் அமர்த்தி எண்ணச் சொல்லுங்கள். இன்று எத்தனை வந்தன, நேற்று எத்தனை வந்தன என்று ஒரு பழைய நோட்டில் எழுதச் சொல்லுங்கள். யாலூனியில் நடப்பதும் அந்த வேலைதான்.